அம்மாவுக்கு வாசித்துக் காட்டிய கொலை

வேலூர் பக்கம் விருதம்பட்டில் மே மாத மத்தியானம் இரண்டு மணிக்குத் தெருவில் நாய்கூட நடக்காது. ஆற்றில் தண்ணீர் ஓடினாலாவது கொஞ்சம் காற்று வரும். பாலாற்றில் மணலே மிச்சமில்லை, தண்ணீருக்கு எங்கே போவது? ஜன்னலில் ஈரத் துண்டைத் தொங்கவிட்டு, ஃபேனை ஐந்தில் வைத்துக்கொண்டு, அந்த வேகாத வெயிலில் என் அம்மாவுக்கு ஒரு கொலைக்கதையைப் பதினோரு நாள் வாசித்துக் காட்டினேன்.

அம்மாவுக்கு 85 நடக்கிறது. கண்புரை ஆபரேஷன் ஆகிவிட்டாலும் சின்ன எழுத்து பிடிபடாது. காது மட்டும் பாம்புக் காது. இரண்டு வீடு தள்ளிக் குக்கர் விசில் அடித்தால் எத்தனையாவது விசில் என்று சொல்லுவாள். சீரியல் பார்ப்பதை விட்டுவிட்டாள், "எல்லாம் ஒரே மூஞ்சியா கீது" என்று.

நாவலைக் கொண்டுவந்தது என் தங்கை மகள். 312 பக்கம். பெயர் சொல்லப்போவதில்லை, எழுதியவர் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார், அவர் பிழைப்பில் மண் போட நான் வரவில்லை. "பெரியம்மா, உண்மைக் கதை. ஆளவந்தார் கேஸ்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தப் பெயரைக் கேட்டதும், படுத்திருந்த அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"பேனாக் கடக்காரனா? பொட்டியில வந்தானே, அவனா?"

கேஸ் தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஆளவந்தார் சென்னையில் ஜெம் அண்ட் கோ என்ற பேனாக்கடையின் முன்பக்கத்தில் இடம் வாங்கி வியாபாரம் செய்தவர். கூடவே தவணைக்குச் சேலையும் விற்பார். பெண்கள் விஷயத்தில் ஆள் மோசம். கடைக்குப் பேனா வாங்க வந்த தேவகி என்ற பெண்ணோடு பழக்கம் ஏற்பட்டது. பிறகு அந்தப் பெண்ணுக்குப் பிரபாகர மேனன் என்பவரோடு கல்யாணம் ஆயிற்று. 1952 ஆகஸ்ட் 28, வியாழக்கிழமை. ராயபுரம் செமட்டரி ரோடு 62-ஆம் எண் வீட்டுக்குப் போன ஆளவந்தார் திரும்பவில்லை. தலை ராயபுரம் கடற்கரை மணலுக்குப் போயிற்று. உடல் ஒரு டிரங்குப் பெட்டியில் எழும்பூரிலிருந்து ரயிலேறி, நாற்றம் தாங்காமல் மறுநாள் மானாமதுரையில் இறக்கப்பட்டது. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் பம்பாய்க்குப் போய் அங்கே பிடிபட்டார்கள்.

கொலை நடந்த தெருவின் பெயர் செமட்டரி ரோடு, அதாவது கல்லறைச் சாலை. கதை எழுத உட்கார்ந்த ஒருவர் தானாக இப்படி ஒரு பெயர் வைத்தால், ‘ரொம்ப ஓவராக இருக்கிறது’ என்று பத்திரிகை ஆசிரியர் அடித்துவிடுவார். நம் நாவலாசிரியரும் மாற்றித்தான் வைத்திருக்கிறார். பேனாக்கடையும் கைக்கடிகாரக் கடை ஆகிவிட்டது. எல்லோருக்கும் வேறு பெயர். முதல் பக்கத்தில் ‘இது முழுக்கக் கற்பனை’ என்று ஒரு வரி.

அம்மா அதற்கே சிரித்தாள். "பேனாவ வாட்சா மாத்துனா கற்பன ஆயிடுமா?"

1952-இல் அம்மாவுக்குப் பன்னிரண்டு வயது. குடியாத்தத்தில் தாத்தா வீட்டில் மூன்று குழித்தறி, லுங்கி நெசவு. அம்மாவுக்குக் குச்சியில் நூலைத் தாராகச் சுற்றுகிற வேலை. தறிக்கூடத்துக்கு ஒரு பேப்பர்தான் வரும். எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார், மற்றவர்கள் நெய்துகொண்டே கேட்பார்கள். ஆளவந்தார் செய்தி வந்த நாட்களில், படிக்கிறவர் பெட்டியைத் திறக்கும் இடத்துக்கு வந்ததும் மூன்று தறியும் ஒன்றாக நின்றுவிடுமாம். "தறிச் சத்தம் நின்னுட்ச்சின்னா எங்க பாட்டி உள்ள இருந்து கத்துவாங்க, ‘தல வந்துட்ச்சா, பொட்டி வந்துட்ச்சா?’ன்னு." சின்னப் பிள்ளைகள் கேட்கக்கூடாத கதை என்று அம்மாவைத் தண்ணீர் எடுக்க அனுப்பிவிடுவார்களாம். அவள் குடத்தைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டு அங்கேயே நின்று கேட்பாள்.

குடியாத்தம் சந்தையில் ஒருவர் கஞ்சிரா தட்டிக்கொண்டு இதையே கொலைச் சிந்தாகப் பாடியதும் அம்மாவுக்கு ஞாபகம் இருக்கிறது. பாட்டுப் புத்தகம் விற்பவர். பெட்டி ரயிலேறும் வரைக்கும் பாடிவிட்டு நிறுத்திவிடுவார். மிச்சம் வேண்டுமானால் காசு கொடுத்துப் புத்தகம் வாங்கிக்கொள்ள வேண்டும். வரி ஒன்றுகூட நினைவில்லை, மெட்டு மட்டும் இருக்கிறது என்றாள். முனகிக் காட்டினாள். கேட்டால் தாலாட்டு மாதிரி இருந்தது.

ஆக, என் கையில் இருக்கும் நாவலுக்கு முன்பே அம்மா இந்தக் கதையின் இரண்டு பதிப்பைக் கேட்டவள். பொல்லாத வாசகி.

நாவலின் முதல் அத்தியாயம் நன்றாக இருக்கிறது என்று சொல்லித்தான் ஆக வேண்டும். மூன்றாம் வகுப்புப் பெட்டி. சீட்டுக்கு அடியில் டிரங்கு. எதிரில் ஒரு குடும்பம். நாற்றம் வந்ததும் முதலில் பக்கத்துக் கிழவியின் கூடையைச் சந்தேகப்படுகிறார்கள், அப்புறம் குழந்தையின் துணியை. மருமகளை மாமியார் திட்டுகிறாள். ஆறு பக்கத்துக்குச் சண்டை, யாரும் குனிந்து சீட்டுக்கு அடியில் பார்க்க மாட்டேன் என்கிறார்கள். வாசிக்கும்போது எனக்கே மூக்கைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது.

இரண்டாவது அத்தியாயத்தில் ரயில் காட்பாடியில் நிற்கிறது. அந்தக் குடும்பத் தலைவர் இறங்கிப் போய்க் காபி வாங்குகிறார்.

புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

ரயில்வேயில் முப்பத்தேழு வருஷம் குப்பை கொட்டியவளிடம் இப்படிச் செய்யலாமா? அந்த வண்டி இந்தோ-சிலோன் எக்ஸ்பிரஸ், போட் மெயில் என்பார்கள். எழும்பூரில் கிளம்பி மீட்டர் கேஜில், அதாவது குறுகலான தண்டவாளத்தில் போகிற வண்டி. செங்கல்பட்டு, விழுப்புரம், திருச்சி, அப்புறம் மானாமதுரை, கடைசியில் தனுஷ்கோடி. அங்கே கப்பல் ஏறினால் தலைமன்னார். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோகும் வரைக்கும் அதுதான் வழி. காட்பாடி வழியாக அகலமான தண்டவாளத்தில் போகிற பிராட் கேஜ் வண்டி சென்ட்ரலில் கிளம்பும். எழும்பூரில் ஏற்றிய பெட்டி காட்பாடிக்கு வர வேண்டுமென்றால் விழுப்புரத்தில் வண்டி மாறி, திருவண்ணாமலை, போளூர், வேலூர் கன்டோன்மென்ட் என்று ஊர்ந்து வர வேண்டும். வந்தாலும் மானாமதுரைக்கு எப்படிப் போவது, திரும்பி நடந்தா?

இதையெல்லாம் அம்மாவிடம் பொரிந்து தள்ளினேன். "தலைய வெட்டுனத அப்பிடியே ஒத்துக்கின, ரயிலு வழி மாறுனா மட்டும் ஒனுக்குக் கோவம் வருதா?" என்றாள்.

உண்மைதான். பெயரை மாற்றினால் பரவாயில்லை, கடையை மாற்றினால் பரவாயில்லை, ரத்தத்தைக் கூடவோ குறையவோ தெளித்துக்கொள்ளட்டும். லைன் மாறினால் மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. அவரவருக்கு ஒரு இடம் வலிக்கும்.

பெட்டி விஷயத்தில் எனக்கு இன்னொரு பாத்தியதையும் உண்டு. அப்பா சர்வீஸில் இறந்ததால் 1984-இல் கருணை அடிப்படையில் எனக்கு வேலை கிடைத்தது. முதலில் டிக்கெட் கவுன்ட்டர், அப்புறம் பார்சல் ஆபீஸ். அரக்கோணத்துக்கும் ஜோலார்பேட்டைக்கும் நடுவில் ஒரு ஸ்டேஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1988, இதே மாதிரி ஒரு மே மாதம். ராத்திரி பாசஞ்சரில் யாரோ விட்டுவிட்டுப் போன டிரங்குப் பெட்டியை எங்கள் ஆபீஸில் கொண்டுவந்து வைத்தார்கள். பச்சை பெயின்ட், மூடியில் ரோஜாப்பூ, திண்டுக்கல் பூட்டு. அப்போதெல்லாம் எங்கள் ஸ்டேஷனில் கேட்பாரற்ற பெட்டியைப் பார்த்தால் வெடிகுண்டு என்று யாருக்கும் தோன்றாது. 1991-க்கு அப்புறம்தான் அந்தப் பயமெல்லாம். காலை பத்து மணி வரைக்கும் சும்மா இருந்தது. வெயில் ஏறி, மேலே தகரக் கூரை காய ஆரம்பித்ததும் ஒரு வாடை. பதினொன்றரைக்கு உள்ளே உட்கார முடியவில்லை. பெட்டியின் ஓரத்திலிருந்து பழுப்பு நிறத்தில் ஏதோ கசிந்து சிமென்ட் தரையில் ஒரு கோடு போட்டிருந்தது. அதில் எறும்பு.

ஹெட் கிளார்க் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "மானாமதுரை."

யாரும் விளக்கம் கேட்கவில்லை. கொலை நடந்து முப்பத்தாறு வருஷம் ஆகியிருந்தது, அங்கே இருந்த பாதிப் பேர் அப்போது பிறக்கவே இல்லை. ஆனாலும் எல்லோருக்கும் புரிந்தது. போர்ட்டர் பெட்டியைத் தொட மாட்டேன் என்று பிளாட்பாரத்துக்குப் போய்விட்டார். ரயில்வே போலீஸ் வந்தார்கள், இரண்டு சாட்சியை நிற்கவைத்து இரும்புக் கம்பியால் பூட்டை நெம்பினார்கள். நான் கண்ணை மூடிக்கொள்ளவில்லை, பொய் சொல்லக்கூடாது, எட்டித்தான் பார்த்தேன்.

மாம்பழம். மேலே ஒரு வரிசை அழுகிய மாம்பழம், அதற்குக் கீழே துணி மூட்டையில் வஞ்சிரக் கருவாடு. மாம்பழச்சாறு கருவாட்டில் இறங்கி, ஒரு ராத்திரி ஒரு பகல் வெந்திருக்கிறது. கான்ஸ்டபிள் சிரித்த சிரிப்பில் அடுத்த பிளாட்பாரத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். உள்ளுக்குள் கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது, அதையும் மறைக்கக்கூடாது.

மூன்றாம் நாள் பேரணாம்பட்டுப் பக்கத்துப் பெண் ஒருத்தி மாமியாரோடு வந்தாள். கல்யாணமாகி முதல் தடவை பிறந்த வீட்டுக்குப் போய்த் திரும்பியவள், பெட்டியை மறந்து இறங்கிவிட்டாள். பெட்டி உங்களுடையதுதான் என்றால் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அவளுக்கு எழுத வராது, சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இட்லிக் குண்டான் ஒன்று. பித்தளைச் சொம்பு இரண்டு. பாவாடை மூன்று, சேலை நாலு, அதில் ஒன்று கிழிசல். மாம்பழம் பன்னிரண்டு. கருவாடு. கடைசியாக, மாமியார் காதில் விழாமல் என் பக்கமாகக் குனிந்து, "அடியில பேப்பருக்குக் கீழ மஞ்சத் துணியில நூத்தியோரு ரூபா" என்றாள். நாங்கள் பெட்டியையே கவிழ்த்துப் பார்த்தவர்கள், எங்கள் கண்ணில் அது படவில்லை. அடியில் விரித்திருந்த பேப்பரைக் கிழித்துப் பார்த்தால், இருந்தது. மாமியாருக்குத் தெரியாமல் அவள் கையில் கொடுப்பதற்கு நான் பட்ட பாடு தனிக் கதை.

நாவலில் தலை கிடைக்கிற இடத்துக்கு வந்தபோது அந்தப் பெண் ஞாபகம்தான் வந்தது. நிஜ வழக்கில் காதுத் துளைகளையும் பல் அமைப்பையும் வைத்து ஆள் யாரென்று உறுதி செய்தார்கள். சென்னை மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் தலையையும் உடலையும் பொருத்திப் பார்த்துச் சொன்னது அந்தக் காலத்தில் பெரிய விஷயம். நாவலாசிரியர் இதற்குப் பதினாலு பக்கம் கொடுத்திருக்கிறார். அலை, மணல், சட்டையில் சுற்றிய பொட்டலம், ஈ, டாக்டரின் கையுறை, எல்லாம் உண்டு. அந்த அத்தியாயத்தின் கடைசியில் ஒரு வரி: ‘மனைவி வந்து அடையாளம் காட்டிவிட்டுப் போனாள்.’

அம்மா கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். "அவ்ளோதானா?"

"அவ்ளோதான்மா. அடுத்த அத்தியாயம் பம்பாய்."

"அவன் பொண்டாட்டிய எங்க வுட்டுட்டான் இவன்? ராத்திரி புருஷன் வரல. அவ தூங்குனாளா? எங்க போயித் தேடுனா?"

நிஜத்தில் அவர் தேடிப் போனார். பேனாக்கடைக்குப் போய் முதலாளியிடம் விசாரித்தார், அங்கிருந்து ராயபுரத்தில் அந்த வீட்டுக்கும் போய்க் கதவைத் தட்டினார், அப்படி யாரும் வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இதை நான் சொன்னதும் அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "அந்த வூட்டு வாசல்லயேவா?" என்றாள். அந்த வாசலை எழுதியிருந்தால் எனக்குப் போதும். தலைக்குக் கொடுத்த பதினாலு பக்கத்தில் இரண்டை அதற்குக் கொடுத்திருக்கலாம். நிஜத்தில் நடந்ததை வைத்து நாவல் எழுதுகிறவருக்கு இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்? கதவுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி.

கோர்ட் பகுதியை நான் வேகமாக வாசித்தேன், சுவாரஸ்யமில்லை. நிஜக் கோர்ட் இதைவிட ருசி. 1953-இல் சென்னை ஹைகோர்ட்டில் நடந்தது, கூட்டம் தாங்கவில்லை. அரசுத் தரப்பில் கோவிந்த் சுவாமிநாதன், நேதாஜி படையில் இருந்த கேப்டன் லட்சுமியின் அண்ணன். நீதிபதி ஏ.எஸ். பஞ்சாபகேச அய்யர், ஐ.சி.எஸ். அவரே நாவலும் நாடகமும் எழுதியவர், அதுவும் பழைய இந்தியாவின் வீரக் கதைகளாக. கதை எழுதுகிற நீதிபதியிடம் போய்ச் சேர்ந்த வழக்கு இது. கொலைக்கு அப்போதிருந்த 302-ஆம் பிரிவு என்றால் தூக்கு அல்லது ஆயுள், நடுவில் எதுவும் கிடையாது. இங்கே அந்தப் பிரிவு நிற்கவில்லை, மேனனுக்குக் கிடைத்தது ஏழு வருஷம், தேவகிக்கு மூன்று வருஷம். தலையை அறுத்துக் கடற்கரைக்கும் உடலைப் பெட்டியில் போட்டு மானாமதுரைக்கும் அனுப்பிய வழக்கில் இவ்வளவு குறைவு என்றால், செத்தவன் யார் என்ற கதையும் தராசில் ஏறியிருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. செத்தவன் மோசமானவன், அந்தப் பெண் குடும்பப் பெண், புருஷன் மானஸ்தன். மூன்று பாத்திரம், மூன்று சுபாவம். நம் நாவலாசிரியரும் 73 வருஷம் கழித்து அதே மூன்று சட்டையைத்தான் மாட்டிவிட்டிருக்கிறார். தேவகியாக வருகிற பெண் எந்நேரமும் அழுதுகொண்டே இருக்கிறாள் அல்லது கண்ணாடி முன்னால் நிற்கிறாள். ஒருநாளாவது அரிசி களைந்தாளா என்று அம்மா கேட்டாள்.

ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, செத்தவனின் பூர்வ கதை வந்தது. ‘தவணைச் சேலையைக் காட்டிப் பல பெண்களை வலையில் வீழ்த்தினான்’ என்று ஒரு வரி. நான் தாண்டிப் போய்விட்டேன்.

"இரு. திரும்பப் படி."

திரும்பப் படித்தேன்.

"பல பெண்களா. யாரு அவங்கல்லாம்?"

"தெரியாதும்மா, அவர் எழுதல."

அம்மா ஃபேனைப் பார்த்துக்கொண்டே, ரேஷன் கடை விவரம் சொல்வது போல ஆரம்பித்தாள். எனக்கு ஐந்து வயசு இருக்கும்போது நாங்கள் கொசப்பேட்டையில் வாடகைக்கு இருந்தோம். எனக்குத் தெரிந்த தவணைக்காரர் சைக்கிளில் வருகிற ஒரு பெரியவர். காசு இல்லாத வாரம் ‘அம்மா வீட்ல இல்ல’ என்று சொல்ல என்னைத்தான் வாசலுக்கு அனுப்புவாள். அவர் ‘சரி பாப்பா, அம்மா வந்ததும் நான் வந்துட்டுப் போனதச் சொல்லு’ என்று, அம்மா கதவுக்குப் பின்னால் நிற்பது தெரிந்தும், போய்விடுவார். தங்கமான மனுஷன். அவருக்கு முன்னால் வேறு ஒரு ஆள் வந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

அவனிடம் அம்மா ஒரு சின்னாளப்பட்டிச் சேலை எடுத்திருக்கிறாள். மாம்பழக் கலர், பச்சைக் கரை. 22 ரூபாய், வாரம் இரண்டு ரூபாய். நாலு வாரம் கட்டியாயிற்று. ஐந்தாவது வாரம் கையில் காசில்லை. அவன் நோட்டை மூடிவிட்டு, "காசு இல்லன்னா போவுது, நீ கீற இல்ல" என்றானாம்.

"சிரிச்சிக்கினே சொன்னான். நான் உள்ள போயி அந்தச் சேலைய மடிச்சிக்கூடக் குடுக்கல, அப்பிடியே சுருட்டித் திண்ணையில போட்டுட்டுக் கதவ சாத்திக்கினேன். எட்டு ரூபா போச்சி. ஒரு தடவதான் கட்டுனேன் அத, கோயிலுக்கு."

"அப்பாகிட்ட சொன்னியா?"

"இன்னாத்த சொல்றது? சொன்னா அவரு அந்தாள அடிப்பாரு, இல்லன்னா என்ன அடிப்பாரு. எதுன்னு தெரியல. அதான் சொல்லல."

கொஞ்ச நேரம் கழித்து, "இந்தப் பொண்ணு புருஷன்கிட்ட சொல்லிட்சி. இன்னா ஆச்சி பாரு" என்றாள்.

ஐம்பத்தொன்பது வருஷமாக அந்தச் சேலை எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்பாவுக்குத் தெரியாமலே அவர் போய்ச் சேர்ந்தார். பேப்பர் படித்த திண்ணைக்காரருக்கும், சந்தையில் சிந்து பாடியவருக்கும், நீதிபதிக்கும், 312 பக்கம் எழுதியவருக்கும் ‘பல பெண்கள்’ என்ற இரண்டு வார்த்தையோடு வேலை முடிந்துவிடுகிறது. அதில் ஒருத்தியைப் பிடித்து உட்காரவைத்து, அந்தச் சேலை என்ன கலர் என்று கேட்டிருந்தால் நாவல் அங்கிருந்து ஆரம்பித்திருக்கும். ரயில் காட்பாடி வழியாகப் போனாலும் நான் மன்னித்திருப்பேன்.

மிச்சத்தை மூன்று நாளில் முடித்தோம். கடைசி அத்தியாயத்தில் புருஷனும் பெண்டாட்டியும் ஜெயிலிலிருந்து வந்து வேறு ஊரில் ஓட்டல் வைக்கிறார்கள். தோசைக்கல்லில் புகை வருகிறது, அவள் அவனைப் பார்க்கிறாள், சுபம். நிஜத்திலும் அவர்கள் நன்னடத்தைக்காகச் சீக்கிரமே விடுதலையாகிக் கேரளத்துக்குப் போய்விட்டார்கள், அதனால் முடிவைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அம்மா அதற்குள் தூங்கிவிட்டாளோ என்று பார்த்தேன். தூங்கவில்லை.

"எத்தினி ரூபா இந்தப் பொஸ்தகம்?"

சொன்னேன்.

"கஞ்சிராக்காரன் அரையணாவோ முக்காலணாவோதான் வாங்கினான்."

புத்தகத்தை அலமாரியில் வைத்துவிட்டு மோர் கலந்து எடுத்து வந்தேன். அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, தம்ளரை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, பாகவதர் கேஸ் பற்றிய கதை கிடைக்குமா என்று கேட்டாள். கிடைக்கும் என்றேன். 1944 நவம்பரில் வேப்பேரியில் பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தனைக் கத்தியால் குத்தியது, பாகவதரும் கலைவாணரும் உள்ளே போனது, லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய் 1947-இல் விடுதலையாகி வந்தது என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒப்பித்தேன். பாகவதருக்குப் பழைய புகழ் திரும்ப வராமல் போனதுதான் அதில் பெரிய சோகம் என்று எல்லோரும் எழுதுவார்கள் என்றும் சொன்னேன்.

"அதெல்லாம் எனுக்குத் தெரியும்டி" என்றாள் அம்மா. "அந்த லட்சுமிகாந்தன் வூட்ல யார் யார் இருந்தாங்க?"